நிரோ, உன் மூன்றாம் பாகம் வந்துவிட்டது

என் செல்லத் தங்கச்சி நிரோவுக்கு,

உன் நாவலின் மூன்றாம் பாகம் போன செவ்வாய்க்கிழமை கடைகளுக்கு வந்துவிட்டது. இதை உனக்கு யாராவது சொல்லத்தான் வேண்டும். உன் பதிப்பாசிரியை எலோடிக்குச் செத்தவர்களோடு கதைக்கும் பழக்கம் இல்லை. அம்மா உன் படத்துக்கு முன்னால் நின்று பஸ் பிந்தி வந்ததையும் முழங்கால் நோவதையும் பற்றித்தான் சொல்கிறார். ஆகவே நான் எழுதுகிறேன். தமிழில் எழுதுகிறேன். நீ எழுத்துக்கூட்டி, ஒரு வரிக்கு ஒரு நிமிஷம் எடுத்து வாசிப்பாய் என்று தெரிந்தும்தான்.

எட்டு மாதம் ஆகிறது. சுகந்தி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொள்கிறார்களாம். உண்மைதான். விறைப்பூசி போட்ட பல்லைப் போல இருக்கிறது. தொட்டால் அது அங்கே இருப்பது தெரிகிறது, வேறொன்றும் தெரிவதில்லை.

வேலைக்குப் போகிறேன். ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் அதே மொழிபெயர்ப்புக் கந்தோர், அதே மேசை. சனம் பிரெஞ்சுக் கடிதங்களைக் கொண்டு வருகிறது. நான் வாசித்துத் தமிழில் சொல்கிறேன், படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். ஒரு சொல்லை மாற்றிச் சொன்னாலும் ஒருவருடைய விசா போய்விடும் என்பதால் இருபது வருஷத்தில் நான் ஒரு சொல்லையும் மாற்றியதில்லை.

உன்னுடைய படிவங்களையும் நானே நிரப்பினேன். அந்தப் புதன்கிழமை காலை உன் கட்டடத்துப் படியில் நீ விழுந்தாய். தலைக்குள் இரத்தக்குழாய் ஒன்று வெடித்ததாக டொக்டர் சொன்னார். பின்னேரம் நாலு மணிக்கு எல்லாம் முடிந்திருந்தது. உனக்கு முப்பத்துமூன்று வயது. அடுத்த நாள் நகரசபையில் உன் தொழில் என்ன என்று கேட்டார்கள். 'புத்தகக்கடை ஊழியர்' என்று சொன்னேன். இரண்டு நாவல் எழுதி, மூன்றாவதை எழுதிக்கொண்டிருந்தவள் என்பது அந்த நேரம் ஞாபகம் வரவில்லை. இல்லை, உனக்குப் பொய் சொல்லக்கூடாது. ஞாபகம் வந்தது. நான் சொல்லவில்லை.

ஏன் என்று உனக்குத் தெரியும். இதை வாசிக்கப்போகிற மற்றவர்களுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். ஆறு வருஷத்துக்கு முன் உன் முதல் பாகம் வந்தபோது ஒரு பிரதியைக் கொண்டுவந்து என் கையில் தந்தாய். உள்ளே 'அக்காவுக்கு' என்று மட்டும் எழுதியிருந்தாய். நான் நூற்றிருபதாம் பக்கம் வரை வாசித்தேன். அங்கே மூடி வைத்தவள் பிறகு திறக்கவேயில்லை.

பிறகு நீ ஒவ்வொரு சனிக்கிழமையும் என் மகள் ஆரணியைப் பார்க்க வந்தாய். சோறு சாப்பிட்டாய், அவளோடு சிரித்தாய். நான் புத்தகத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை, நீயும் கேட்கவில்லை. நாங்கள் இருவரும் எவ்வளவு மரியாதையாக இருந்தோம், நிரோ.

செத்தவீடு முடிந்து இரண்டு மாதத்தில் எலோடி கூப்பிட்டாள். மூன்றாம் பாகத்தில் இருபத்திரண்டு அத்தியாயங்களை நீ முடித்திருக்கிறாய், இன்னும் ஐந்து இருக்கிறது, குறிப்புகள் அதிகம் இல்லை என்றாள். வேறொரு எழுத்தாளரைக் கொண்டு முடிக்கலாம் என்றாள். அப்பாவும் இப்போது இல்லாததால், வாரிசுகள் என்ற முறையில் அம்மாவும் நானும் கையெழுத்து வைக்கவேண்டும். அந்த எழுத்தாளர் எழுதித் தந்திருந்த சுருக்கத்தை நான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அதன்படி கடைசியில் கதாநாயகியின் அக்கா தங்கையைக் காப்பாற்றப் போய்ச் சாகிறாள்.

அம்மா பேனையை எடுக்கவில்லை.

"என்ரை பிள்ளை என்ன எழுதினவள் எண்டு தெரியாமல் நான் கையெழுத்து வைக்கமாட்டன்," என்றார். "முதல் புத்தகத்திலையிருந்து வாசி."

அப்படித்தான் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆரணியையும் கூட்டிக்கொண்டு கார் து நோர் ஸ்டேஷனில் ஆர்.ஈ.ஆர் ரயில் ஏறி அம்மா இருக்கும் வில்லியே லே பெல்லுக்குப் போவேன். அம்மா கதிரையை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக் காத்திருப்பார். நான் பிரெஞ்சைப் பார்த்துத் தமிழில் சொல்வேன். ஆரணி காதில் பாட்டை மாட்டிக்கொண்டு சோபாவில் கிடப்பாள். அவளுக்கு இரண்டு பாகமும் மனப்பாடம். 'பதியப்படாதவர்கள்' என்ற உன் நாவலின் பெயரைச் சொன்னாலே அவளுடைய வகுப்பில் பாதிப்பேர் திரும்பிப் பார்ப்பார்களாம்.

அம்மாவுக்கு உன் நகரம் பிடித்துவிட்டது. பிறந்த எல்லோருடைய பெயரையும் மதிலில் செதுக்கி வைத்திருக்கும் நகரம். பெயர் செதுக்கப்படாதவர்கள் நடந்தால் மண்ணில் காலடி விழாது, அதனால் காவலர்களால் அவர்களைத் தேடிப் பிடிக்கமுடியாது. 'விசாப் பேப்பர் இல்லாத சனம்' என்று அம்மா உடனே சொன்னார். நீ அம்மாவுக்கு விளக்கியே இருக்கத் தேவையில்லை. மற்றபடி, அந்தச் சனம் என்ன சாப்பிடுகிறது, குளிருக்கு என்ன போடுகிறது என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார். நீ அதையெல்லாம் எழுதியிருந்தாய். உன் கதையில் வரும் பறக்கும் மிருகங்களை விட அந்த நகரத்தின் பருப்புக் கஞ்சிதான் அம்மாவுக்கு முக்கியமாகப் பட்டது.

நாலாவது ஞாயிறு பதினோராம் அத்தியாயம் வந்தது. நூற்றிருபதாம் பக்கம்.

காலடி விழாத பெண் நேவா கைவிடப்பட்ட ஒரு வரைபடக் கூடத்தில் ஒளிந்திருந்து, பெயரில்லாதவர்களின் கதைகளை எழுதிக்கொண்டிருக்கிறாள். அவளுடைய அக்கா ஓர்சா பெயர் அலுவலகத்தில் எழுத்தர். ஓர்சா காவல் தலைவனிடம் போய், "இரண்டாம் மாடி, ஜன்னல் பக்கம், மூன்றாவது மேசை" என்கிறாள். அவ்வளவுதான் அவள் பேசுவது. அவர்கள் வந்து நேவாவை எல்லோருக்கும் முன்னால் இழுத்துக்கொண்டு போகிறார்கள், அவள் எழுதியதையெல்லாம் ஆற்றில் கொட்டுகிறார்கள்.

என்னால் அதைச் சொல்ல முடியவில்லை. காவலர்கள் நகரம் முழுக்கத் தேடினார்கள், கடைசியில் ஒரு நாய் மோப்பம் பிடித்துவிட்டது என்று சொன்னேன். அப்படியே வாயில் வந்தது. கந்தோரில் ஒரு சொல்லையும் மாற்றாதவள் ஒரு முழு நாயைக் கொண்டுவந்து உன் கதைக்குள் விட்டேன்.

சோபாவில் ஆரணி எழும்பி உட்கார்ந்தாள். காதில் பாட்டு எப்போதோ நின்றிருக்கவேண்டும். எங்களுக்குப் பிரெஞ்சில் மட்டுமே பதில் சொல்லும் பிள்ளை, அன்றைக்கு அம்மம்மாவுக்கு விளங்கவேண்டும் என்று தமிழில் சொன்னாள்.

"நாய் இல்லை. அக்கா சொன்னது."

நான் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாதான் முதலில் கதைத்தார்.

"எனக்குத் தெரியும், பிள்ளை. புத்தகம் வந்த கிழமையே நிரோ எனக்குச் சொன்னவள். நீ எப்பிடி வாசிக்கப்போறாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்." பிறகு, "இப்ப உள்ளபடி வாசி," என்றார்.

உள்ளபடி வாசித்தேன். வருமானவரிக் கடிதம் வாசிக்கிற குரலிலேயே வாசித்து முடித்தேன். அம்மா கேட்டார், அவள் ஏன் சொன்னவள் என்று புத்தகத்தில் இருக்கிறதா என்று. இதுவரை வாசித்ததில் இல்லை என்றேன்.

"அப்ப நீ சொல்லு."

அம்மாவுக்குச் சொன்னதை உனக்கும் சொல்கிறேன். பதினைந்து வருஷம் பிந்திவிட்டது.

உனக்குப் பதினெட்டு வயது. மருந்தாளர் படிப்புக்குச் சேர்ந்து, மூன்று மாதமாக வகுப்புக்குப் போகாமல் நூலகத்தில் இருந்து எழுதிக்கொண்டிருந்தாய். அப்பாவுக்குத் தெரியாது. ஒருநாள் ஒரு படிவத்துக்குப் படியெடுக்க நான் அந்த நூலகத்துக்கு வந்தேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று உன்னைப் பார்த்தேன். நீ எழுதிக்கொண்டே சிரித்தாய். பக்கத்தில் யாருமில்லை. தன்பாட்டில் அப்படிச் சிரிக்கிற ஒரு ஆளை நான் அதற்குமுன் கண்டதில்லை.

அப்பாவின் முதுகு போனபோது நான் படிப்பை நிறுத்தி அவருடைய கடையில் நின்றவள். அதற்காக யாரையும் குறை சொன்னதில்லை, எனக்கு அது நோகவில்லை என்றே நினைத்திருந்தேன். அந்தச் சிரிப்பைக் கண்டபோதுதான் நொந்தது. வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை, நிரோ. நானாகப் போய்ச் சொன்னேன். எந்த மாடி, எந்த மேசை என்பதுவரை சொன்னேன்.

அப்பா உன்னை அங்கிருந்து கூட்டிவந்ததும், நீ எழுதி நிரப்பிய நாலு கொப்பிகளைக் கட்டடத்துக் குப்பைத் தொட்டியில் போட்டதும், அடுத்த மாதம் நீ வீட்டைவிட்டுப் போனதும் அம்மாவுக்கும் தெரிந்தவைதான். நான் சொன்ன சொற்களை அப்பா கோபத்தில் உனக்கு அப்படியே திருப்பிச் சொல்லியிருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஓர்சாவின் வாய்க்குள் அவை எப்படி வந்தன?

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா குசினிக்குள் போனார். என்னைத் திட்டவில்லை, தேற்றவுமில்லை. "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ," என்றார். ஆரணி ஸ்டேஷன் வரை எனக்கு முன்னால் நடந்தாள்.

அடுத்த ஞாயிறு மறுபடி போனோம். முதல் பாகத்தின் மிச்சத்தை முடித்துவிட்டு இரண்டாம் பாகம் தொடங்கினோம். அதன் நடுவில் ஒரு இடத்தில் நான் நின்றுவிட்டேன். இந்தமுறை எதையும் மாற்றவில்லை, வாசிக்கமுடியாமல்தான் நின்றேன்.

ஓர்சா ஏன் சொன்னாள் என்பதற்கு நீ காரணம் எழுதியிருந்தாய். காவல் தலைவன் அவர்களுடைய தாயைப் பிடித்து வைத்துக்கொண்டு, தங்கையைக் காட்டாவிட்டால் தாயை விடமாட்டேன் என்று மிரட்டினானாம். ஓர்சா மூன்று நாள் தாங்கிவிட்டு நாலாம் நாள் சொன்னாளாம். அதை அறிந்தபிறகும் நேவா மன்னிக்கவில்லை. அக்காவின் பெயரைச் சொல்வதுமில்லை. ஆனால் கஞ்சி காய்ச்சும்போது இரண்டு கிண்ணம் எடுத்துவிட்டு ஒன்றைத் திரும்ப வைக்கிறாள்.

நிரோ, என்னை ஒருவரும் மிரட்டவில்லை.

நீ அப்படி ஏதோ நடந்திருக்கும் என்று உண்மையில் நம்பினாயா? அல்லது ஒன்றும் இல்லை என்று தெரிந்தும், ஆரணி வளர்ந்து வாசிப்பாள் என்று எனக்காக ஒரு காரணம் செய்து வைத்தாயா? சனிக்கிழமைகளில் என் குசினியில் நின்று வெங்காயம் வெட்டும்போது அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாயா? ஒருமுறை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாய். நான் கேட்கவில்லை.

மூன்றாம் பாகம் கணினியில் தட்டச்சான தாள்களாக எங்களிடம் வந்தது. அதை வாசிக்க ஐந்து ஞாயிறு எடுத்தது. மதில் இடிந்துவிடுகிறது. இனி யாருக்கும் பெயர் செதுக்கத் தேவையில்லை. சனம் கொண்டாடுகிறது. நேவா அந்தக் கூட்டத்துக்குள் நிற்காமல் நகரத்தின் மறுகரைக்கு நடக்கிறாள். அங்கே ஓர்சா தனியாக இருக்கும் வீடு. நேவா கதவுக்கு முன்னால் வருகிறாள். 'நேவா கையை உயர்த்தி' என்று எழுதி ஒரு காற்புள்ளி போட்டிருக்கிறாய். அதற்குப் பிறகு வெள்ளைத்தாள்.

நான் அந்தக் காற்புள்ளியையும் அம்மாவுக்குச் சொன்னேன். "அவ்வளவுதானோ?" என்று கேட்டார். அவ்வளவுதான் என்றேன்.

எலோடியின் அலுவலகத்துக்கு மூவருமாகப் போனோம். அம்மா நல்ல சேலையின் மேல் உன் கறுப்புக் கோட்டைப் போட்டிருந்தார். ஓர்சா சாகும் முடிவு வேண்டாம் என்று நான் சொன்னேன். வாசகர்களுக்கு அது ஆறுதலாக இருக்கும் என்றாள் எலோடி. அந்தச் சாவோடு ஓர்சாவின் குற்றம் கழுவப்பட்டுவிடுமாம். அதனால்தான் வேண்டாம் என்றேன். செத்தால் அவளுக்கு எல்லாம் சுலபமாகிவிடும். அவள் இருந்து அதோடு வாழட்டும்.

எங்களுக்கிடையில் ஆரணி புகுந்தாள். பிரெஞ்சில், வேகமாகப் பேசினாள். மூன்று வருஷமாகக் காத்திருக்கிறோம், எங்களுக்கு ஒரு முடிவு வேண்டும், எந்த முடிவென்றாலும் பரவாயில்லை. என் அம்மா கதையைப் பற்றி யோசிக்கவில்லை, தன்னைப் பற்றித்தான் யோசிக்கிறா. சித்தி என்றால் முடித்திருப்பா.

அவள் சொன்னதில் பாதி சரி. எந்தப் பாதி என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

எல்லாவற்றையும் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன், ஆரணி என்னைப்பற்றிச் சொன்னதையும் விடாமல். அம்மா எலோடியைப் பார்த்துத் தமிழிலேயே பதில் சொன்னார்.

"அவள் நிப்பாட்டின இடத்திலை நிப்பாட்டுங்கோ. மிச்சத்தை வேறை ஆள் எழுதினால் அது வேறை ஆளின்ரை பிள்ளை."

எலோடி அரைமணித்தியாலம் வாதாடிவிட்டுக் கடைசியில் சம்மதித்தாள். இருபத்திரண்டு அத்தியாயங்கள், காற்புள்ளி, அதற்குப்பிறகு உன் குறிப்புகள் சில பக்கம். நாங்கள் கையெழுத்து வைத்தோம். ஆரணி இரண்டு கிழமை என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு தானே ஒரு முடிவு எழுதத் தொடங்கினாள். அவளைப்போல நிறையப் பிள்ளைகள் எழுதி இணையத்தில் போடுகிறார்களாம். பலதில் ஓர்சா கதவைத் திறக்கிறாளாம், சிலதில் வீட்டில் ஆளே இல்லையாம். தன்னுடையதில் என்ன நடக்கிறதென்று ஆரணி எனக்குச் சொல்லவில்லை.

போன சனிக்கிழமை பின்னேரம் நீ வேலை செய்த புத்தகக்கடையில் சின்னதாக ஒரு கூட்டம் வைத்தார்கள். கதிரைகள் போதாமல் பிள்ளைகள் நிலத்தில் இருந்தார்கள். எலோடி கதைத்தாள், ஒரு நடிகை நாலு பக்கம் வாசித்தாள். என்னை 'எழுத்தாளரின் சகோதரி' என்று அறிமுகப்படுத்தி முன்னால் இருத்தியிருந்தார்கள். என் வேலை தலையாட்டுவது மட்டும்தான் என்று நினைத்துப் போயிருந்தேன்.

பல்லுக்குக் கம்பி போட்ட ஒரு பெட்டைப்பிள்ளை கையை உயர்த்தி, ஓர்சா உண்மையில் இருந்த ஆளா என்று கேட்டாள். எலோடி ஒலிவாங்கியை எடுத்தாள், பாத்திரங்கள் எல்லாம் கற்பனைதான் என்று தொடங்கினாள். நான் அவளுடைய கையில் மெல்லத் தொட்டேன்.

"ஓம்," என்று என் வாயில் தமிழில் வந்தது. பிறகு பிரெஞ்சில் சொன்னேன், இருந்தாள், அது நான்தான் என்று.

பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பெட்டை கொஞ்சம் யோசித்தாள். பிறகு, அப்படியென்றால் உங்கள் தங்கை வந்து தட்டியபோது கதவைத் திறந்தீர்களா என்று கேட்டாள்.

அதைப் பேச அவள் வந்து தட்டவில்லை, தட்டவேண்டியது அவளில்லை என்று சொன்னேன். "நான்தான் போய் அவளுடைய கதவைத் தட்டியிருக்கவேண்டும். பதினைந்து வருஷம் இருந்தது. போகவில்லை."

இரண்டாவது வரிசையில் இருந்த ஆரணி தலையைக் குனியவில்லை. நேரே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு நடக்கும்போது, மூன்றாம் பாகத்தை இன்னும் முடிக்காத பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள், முடிவு தெரிந்து அவர்களுக்குக் கதை கெட்டுப்போயிருக்கும், சித்திக்குக் கோபம் வந்திருக்கும் என்றாள். வந்திருக்கும் என்று நானும் சொன்னேன். ரயில் பாலத்தடியில் கூட்டத்துக்குள் போகும்போது என் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். பாலம் தாண்டியதும் விட்டுவிட்டாள்.

அன்றைக்கும் எனக்கு அழுகை வரவில்லை, நிரோ. வரும் என்று இப்போது எதிர்பார்க்கவுமில்லை.

ஆனால் ஒன்று தொடங்கியிருக்கிறேன். உன் மூன்று பாகங்களையும் தமிழில் எழுதுகிறேன். அம்மாவுக்கு வாசித்ததுபோல வாயால் இல்லை, தாளில். எட்டு அத்தியாயம் முடிந்திருக்கிறது. பிரெஞ்சில் நீ ஒரு சொல்லில் சொன்னதற்குத் தமிழில் எனக்கு ஒரு நாள் பிடிக்கிறது. பதினோராம் அத்தியாயத்தில் ஓர்சா சொல்வதை அவள் சொன்னபடியே சொல்வாள். இரண்டாம் பாகத்தில் நீ அவளுக்குக் கொடுத்த காரணத்திலும் கைவைக்கமாட்டேன், அது நீ எழுதியது, அதற்கு அடிக்குறிப்பும் போடமாட்டேன். என்னுடைய காரணம் இந்தக் கடிதத்தில் இருக்கட்டும், கேட்பவர்கள் இங்கே வந்து வாசிக்கட்டும். கடைசிக் காற்புள்ளி வரை வருவேன். அதற்கப்பால் ஒரு சொல்லும் என்னுடையதாக இருக்காது என்று உனக்குச் சொல்லி வைக்கிறேன்.

உன்னைக் காட்டிக்கொடுத்த,
உன்னோடு கூடப்பிறந்த ஒரே அக்கா,
சுகந்தி